மண் உண்ட வேட்டி

பழைய நாலுமுழ வேட்டியொன்றைப் பதின்மூன்று துண்டுகளாகக் கிழித்து, பன்னிரண்டில் நைலோன் நூல் கட்டி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆறு இடங்களில் மண்ணிற் புதைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், வாசகருட் சிலர் அதனை ஏதோ நேர்த்திக்கடன் என்று எண்ணக்கூடும். என் இல்லாள் அப்படியும் எண்ணவில்லை. "உடுக்க ஆகாதெண்டால் அடுப்படிக்காவது உதவும். அதைக் கொண்டுபோய் ஏன் தாட்டுப்போட்டு வாறியள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விடை தேடிப் பொங்கல் கழிந்த முதற் சனிக்கிழமை காலையில், கல்லூரியில் உயிரியல் பயிலும் மாணவர் நால்வரோடு மிதிவண்டியிற் புறப்பட்டேன்.

துண்டுகளைப் புதைத்தது ஐப்பசி மாதக் கடைசியில், முதல் மழை விழுந்து மண் இளகிய வேளையில். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு துண்டுகள். ஒரு சாண் ஆழம். பருத்தி நூல் ஏறக்குறைய முழுவதும் செலுலோசு என்னும் பொருளால் ஆனது. அதைச் சமிக்கச் செய்யும் வல்லமை நம் குடலுக்கில்லை. புல்லை மேயும் பசுவுங்கூடத் தன் வயிற்றில் வாழும் நுண்ணங்கிகளின் உதவியாலேயே அதைச் சீரணிக்கின்றது. மண்ணிலும் அவ்வேலையைச் செய்பவை பற்றீரியாக்களும் பங்கசுகளுமே. ஆகவே, புதைத்த துணி எவ்விடத்தில் எவ்வளவு அழிந்தது என்று பார்த்தால், கண்ணுக்குப் புலனாகாத அந்தக் குடிகள் அங்கே எவ்வாறு வாழ்கின்றன என்பதை ஓரளவு ஊகிக்கலாம். நல்ல மண் ஒரு கிராமில் நூறு கோடி பற்றீரியாக்கள்வரை இருத்தல் கூடும். அவற்றுள் ஆய்வுகூடக் கிண்ணத்திலே வளர்பவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவினவே. மற்றவற்றை அறிஞர் அறியத் தொடங்கியது, உயிர்களின் மரபுப் பொருளை மண்ணிலிருந்தே நேராகப் பிரித்து வாசிக்கும் முறை வந்த பின்னர்தான். கல்லூரியில் அத்தகைய கருவி நமக்கு ஏது? வேட்டி இருந்தது.

முதலிற் சென்றது எங்கள் வளவுக்கு. அது வலிகாமம் வடக்கிலே, தெல்லிப்பழைக்கு அப்பால் உள்ளது. 1990ஆம் ஆண்டில், எட்டு வயதுச் சிறுவனாக, அப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்விடத்தை விட்டு நடந்தேன். தோட்டத்தில் மிளகாய் பழுத்து நின்றது. பட்டியில் நின்ற ஆடுகளை அவிழ்த்துவிட்டோம். காணி மீண்டும் எங்கள் கைக்கு வந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது, அப்பு இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் வேம்பும் இலந்தையும் ஈச்சையும் நாயுண்ணியும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்திருந்தன. இடையிடையே தாமாக முளைத்த வடலிகள். கிணற்றுக் கட்டைக் கண்டுபிடிக்கவே அரைநாள் சென்றது. காடு வெட்டக் கைப்பணம் போதாமையாலும், உடன்பிறந்தோர் கடல் கடந்து வாழ்வதாலும், அது இன்றுவரை அப்படியே கிடக்கின்றது.

இனியும் அப்படிக் கிடவாது. எங்கள் சித்தப்பா வெங்காயம் செய்வதற்கு அதைக் கேட்டிருந்தார். எழுபது வயதிலும் மண்வெட்டியைக் கீழே வையாத மனிதர். அன்று காலை படலையிலேயே எங்களை எதிர்கொண்டார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை பெக்கோ வருகுது. எல்லாத்தையும் வழிச்செடுத்து உழுதுபோட்டால் இந்தப் போகத்துக்கே நடலாம். நீ ஓமெண்டால் சரி."

ஓமென்று சொல்ல வாயெடுத்தும், துணியைக் கிண்டிப் பார்த்துவிட்டு மாலையிற் சொல்கிறேன் என்றேன். அவர் என்னையும் மாணவரையும் மாறி மாறிப் பார்த்தார். படித்தவர்களின் பித்துக்கு மருந்தில்லை என்பது அவர் கொள்கை.

எங்கள் வளவுக்கும் அவர் தோட்டத்துக்கும் இடையே மூன்று வேலிகளே. ஆயின் அவர் தோட்டம் அந்நாளைய எல்லைக்கு வெளியே இருந்தமையால், ஓரிரு இடப்பெயர்வுகள் நீங்கலாக, ஒரு பருவமும் தரிசாகக் கிடந்ததில்லை. மண் ஒன்றே. சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்த செம்மண். இரும்பின் ஒட்சைட்டுகளாற் சிவந்தது. நீரை நில்லாமல் வடியவிடுவது. சில இடங்களில் ஒரு முழம் வெட்டுமுன் மண்வெட்டி கல்லைத் தொடும். மண் ஒன்றாகவும் பயன்பாடு வேறாகவும் இருக்கும் இத்தகைய இரண்டு நிலங்கள் அருகருகே கிடைப்பது, ஆராய்வோனுக்கு ஒரு வாய்ப்பு. எங்கள் குடும்பத்துக்கு அது எவ்வகையில் வாய்த்தது என்பதை நினையாமல் இருந்தால் மகிழவும் செய்யலாம்.

தோட்டத்து நூலை ஒரு மாணவன் இழுத்தான். நூல் மட்டும் வந்தது. முனையில் தையலோரத்தின் நாலைந்து இழைகள். வேட்டி முழுவதும் உண்ணப்பட்டிருந்தது. இரண்டாவது துண்டும் அவ்வாறே. பின்னர் வேலிகளைக் கடந்து வளவுக்குள் நுழைந்து, சருகை விலக்கிக் கிண்டினோம். அங்கே துணி முழுதாக அல்லாவிடினும் துணியாகவே வந்தது. பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. எங்கும் ஓட்டைகள், மஞ்சளும் இளஞ்சிவப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள். அதைவிட வியப்பு, துணியோடு ஒட்டிவந்த மண். வெள்ளை நிறமான நுண்ணிய இழைகள் மண்மணிகளைக் கோத்துக் கட்டிகளாகப் பிடித்திருந்தன. அவை பங்கசின் இழைகள். தோட்டத்து மண்ணோ விரலிடையே தூளாய் உதிர்ந்தது. வளவு மண்ணை மூக்கருகே கொண்டுசென்றால், முதல் மழையின் மணம். அம்மணத்தைத் தரும் பொருளுக்கு 1965இல் சியோசுமின் என்று பெயரிட்டனர். மண்ணில் வாழும் அற்றினோமைசீற்று என்னும் பற்றீரியா இனத்தாரே அதனைச் செய்பவர்களுள் முதன்மையானவர்கள். காசநோயை வென்ற இசுத்திரப்ரோமைசின் மருந்து 1943இல் கண்டெடுக்கப்பட்டதும் அந்த இனத்திலிருந்தே.

"சேர், அப்ப தோட்டத்து மண்தானே உயிருள்ள மண்? எல்லாத்தையும் திண்டிட்டுது" என்றான் மாணவன் ஒருவன்.

எனக்கும் அது எதிர்பாராததே. காட்டு மண்ணே முதலில் உண்டு முடிக்கும் என்று வகுப்பிற் சொல்லி வைத்திருந்தேன். உண்மையை ஒப்புக்கொண்டு, வேம்பின் அடியில் அமர்ந்து எல்லோருமாக யோசித்தோம்.

துணியிற் காபன் உண்டு. நைதரசன் இல்லை என்றே சொல்லலாம். அதை மட்டும் உண்டு எந்த நுண்ணங்கியும் உடல் வளர்க்க முடியாது; நைதரசனை அயல் மண்ணிலிருந்தே பெறவேண்டும். தோட்டத்தில் யூரியா இடப்படுகின்றது; மழை பொய்க்கும் நாளில் இறைப்பும் உண்டு; உழவு காற்றை உள்ளே விடுகின்றது. சோறும் கறியும் தண்ணீரும் தயாராக வைத்த பந்தியிலே விரைந்து உண்ணும் பற்றீரியாக்களே பெருகும். அவை வேட்டியை உண்டது போலவே, மண்ணிலிருந்த பழைய மக்கலையும் உண்டு தீர்க்கின்றன. காடு பற்றிய வளவிலோ கிடைப்பது வன்மையான சருகும் வேரும். அவற்றை மெல்ல மெல்லத் துளைத்து உண்ணும் பங்கசுகளுக்கு அங்கே இடமுண்டு; உழவில்லாமையால் அவற்றின் இழைகள் அறுபடுவதுமில்லை. துணி விரைவில் மறைந்தது நல்ல மண்ணுக்குச் சான்று என்று கொள்வதற்கில்லை. அடுப்பு நன்றாய் எரிகிறதென்பதால் விறகு நிறைய உண்டென்று கொள்ளலாமா?

இதிலே நாம் குடிக்கும் நீரும் அடங்கியிருக்கின்றது. யூரியா மண்ணில் அமோனியாவாக மாறும். அந்த அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுவதற்கென்றே தனி நுண்ணங்கிகள் உள்ளன. விநோகிராத்சுகி என்ற உருசிய அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றைப் பிரித்துக் காட்டினார். நைத்திரேற்றை மண்துணிக்கைகள் பிடித்து வைப்பதில்லை. பயிர் எடுத்தது போக எஞ்சியது நீரோடு இறங்கும். சதுப்பு நிலமாயின், காற்றற்ற சேற்றில் வாழும் வேறு பற்றீரியாக்கள் அதை மீண்டும் வாயுவாக்கி வானுக்கு அனுப்பிவிடும். நீர் வடியும் நமது செம்மண்ணில் அவற்றுக்குப் போதிய இடமில்லை. கீழே இருப்பதோ வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். அதற்கும் கீழே நம் கிணறுகள். ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. செறிந்த தோட்டச் செய்கை நடக்கும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு மீறப்பட்டிருப்பதைப் பல்லாண்டுகளாக நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து; குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைப்பது. எங்கள் வளவுக் கிணறு பாழாய்க் கிடந்த கிணறு. அதன் நீர் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விட்டகலவில்லை.

கந்தரோடைச் சந்தியில் தேநீர்க்கடை ஒன்றில் இறங்கினோம். மண்ணின் வகை பெரிதா, மனிதனின் பயன்பாடு பெரிதா என்று மாணவர் வாதிட்டுக்கொண்டு வந்தனர். கையிலிருந்த தேநீரைக் காட்டினேன். தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது. அமில கார அளவுகோலில் 4.5 முதல் 5.5 வரை அதற்கு உவப்பு. நமது குடாநாட்டு மண் சுண்ணாம்பின் மேல் இருப்பதால் 7ஐ அடுத்தோ அதற்கு மேலோ நிற்கும். நோவா பியரர், ரொபேட் ஜக்சன் என்ற இருவர் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து 98 மண்களை எடுத்து ஆராய்ந்து 2006இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பற்றீரியாக்களின் வகைப்பெருக்கத்தை முடிவு செய்வதில் வெப்பமும் மழையும் அன்று, மண்ணின் புளிப்பே முதன்மையானது என்பது அம்முடிவு. நடுநிலை மண்ணில் வகைகள் மிகுதி; பெரு நாட்டு அமேசன் காட்டின் புளித்த மண்ணிற் குறைவு. மேலே அத்தனை மரமும் கொடியும் செழித்த காட்டுக்குக் கீழே பற்றீரியாக்களின் வகை குறைவு என்பது எவருக்கும் சற்றுத் திகைப்பூட்டும். இங்கிலாந்தின் உரோதம்சுதெட் ஆய்வு நிலையத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சுண்ணாம்பு ஏற்றத்தாழ்வாக இடப்பட்ட வயலொன்று உண்டு. ஒரு கோடியில் அளவு 4, மறு கோடியில் 8. அந்த ஒரே வயலுக்குள், புளித்த கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்லும்போது பற்றீரியாக்களின் வகைப்பெருக்கம் ஏறக்குறைய இரு மடங்காவதை 2010இற் கண்டனர். பங்கசுகளோ அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

"அப்ப மண்தான் பெரிசு" என்றான் ஒருவன். மலைநாட்டு மண்ணையும் நம் மண்ணையும் ஒப்பிட்டால் அப்படித்தான். ஆயின் நாம் இன்று சுற்றும் நிலம் முழுவதும் சுண்ணாம்பைச் சார்ந்தது. புளிப்பு பெரிதும் மாறாத இடத்தில் நீர், உப்பு, உணவு, உழவு என்பவையே பேசத் தொடங்குகின்றன.

கந்தரோடையிலிருந்து வழுக்கையாற்றை ஒட்டிக் கீழே இறங்கினோம். ஆறு என்று பெயர் பெற்றதேயன்றி, மாரியில் மட்டும் நீரோடும் வாய்க்கால் அது. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியிற் கடல்நீரேரியோடு கலக்கும். அதனோடு செல்பவன் மேட்டுச் செம்மண்ணிலிருந்து பள்ளத்து வயலுக்கும், வயலிலிருந்து உவர்த் தரைக்கும் தானாகவே இறங்கிவிடுவான். சண்டிலிப்பாய் வெளியில் நெற்கதிர்கள் தலைசாய்ந்து நின்றன. வரம்போரத்தில் இன்னும் ஈரம். அங்கு புதைத்த துணி இரண்டு கதைகளைச் சொன்னது. மேல் நாலு விரலளவு உண்ணப்பட்டிருந்தது. கீழ்ப்பாதி கறுத்து, வழுவழுத்து, கூழ்முட்டை நாற்றத்தோடு அப்படியே இருந்தது. நெல்வயலில் நீர் தேங்கிய சில நாட்களிலே மண்ணிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடுகின்றது. காற்றின்றி வாழ வல்லவர்களின் முறை அப்போது வரும். அவர்கள் முதலில் நைத்திரேற்றையும், பின் மங்கனீசையும் இரும்பையும், அடுத்துச் சல்பேற்றையும் ஒட்சிசனுக்குப் பதிலாகப் பயன்படுத்துவர். எல்லாம் முடிந்தபின் மெதேன் வாயுவைச் செய்யும் கூட்டம் வரும். நெற்பயிரோ தன் தண்டின் வழியே காற்றை வேருக்கு அனுப்புகின்றது. அதனால் வேரைச் சுற்றித் துரு நிறத்தில் ஓர் உறை. ஒரு மாணவன் நெல்வேரைக் கழுவிப் பார்த்து, "சேர், ஆணி துருப்பிடிச்ச மாதிரி இருக்கு" என்றான். இதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது.

அராலி உவர்த் தரையில் உமரிப் பூண்டின் அருகே புதைத்தவை கறுத்த கறையோடு, ஆனால் கிழியாமல் வந்தன. துவைத்தால் மீண்டும் உடுக்கலாம் போலும். உப்பைத் தாங்கும் உயிர்கள் அங்கு இல்லாமலில்லை; அவற்றுட் பல சல்பேற்றைப் பயன்படுத்தி வாழ்பவை. நூலை நேரே உண்ணுவது அவற்றின் தொழிலன்று. நான்கு பேரும் சேற்றில் முழங்கால் புதைய நின்று அதைப்பற்றி வாதிட்டது போதும் என்று, வட்டுக்கோட்டை வழியாகப் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்கு விரைந்தோம்.

கசூரினாக் கடற்கரையில், வெறும் மணலிற் புதைத்த துண்டு பழுப்பேறியதன்றி வேறு மாற்றமில்லாமல் இருந்தது. பத்து அடி தள்ளிச் சவுக்கு மரத்தின் கீழே புதைத்ததில் நூல்கள் நைந்திருந்தன. சவுக்கின் வேரைக் கிளறினால் கொத்துக் கொத்தாக முடிச்சுகள். பயற்றங் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சில் றைசோபியம் என்னும் பற்றீரியா வாழ்ந்து காற்றின் நைதரசனைப் பயிருக்கு ஆக்கித் தருவதை மாணவர் பாடத்திற் படித்திருந்தனர். சவுக்கில் அவ்வேலையைச் செய்வது பிராங்கியா என்னும் வேறொன்று. சத்தற்ற மணலும், வைத்த மரமும், அம்மரத்தோடு வந்தொட்டிய நுண்ணுயிரும் கூடினால் பத்து அடிக்குள் மண் மாறிவிடுகின்றது. கட்டிக் கொண்டுபோன இடியப்பத்தை அந்த நிழலிலேயே உண்டோம்.

திரும்பும் வழியில் மனம் தோட்டத்தையே சுற்றியது. வெங்காயத்துக்கு வேர் கொஞ்சம். வேர்மயிர் அதனினும் கொஞ்சம். அதனால் மண்ணிலுள்ள பொசுபரசை எடுப்பதற்கு, வேரோடு கூடிவாழும் பங்கசுகளின் இழைகளை வேறு பல பயிர்களைவிட மிகுதியாக நம்பியிருப்பது அது. அடிக்கடி உழும் உழவு அந்த இழைகளை அறுக்கின்றது. மிகையாக இடும் பொசுபேற்று உரம் பயிருக்கும் பங்கசுக்கும் உள்ள உறவை வேண்டாததாக்குகின்றது. அப்புவின் காலத்திற் பழைய வேலியோலையையும் பூவரசங் குழையையும் தோட்டத்தில் தாழ்ப்பார்கள். ஆட்டுப்பட்டியை இரவுக்கிரவு இடம் மாற்றி அடைப்பார்கள். பனையோலை மெல்ல உண்போருக்கு, ஆட்டெரு விரைந்து உண்போருக்கு. இரு சாராருக்கும் பந்தி இருந்தது. அவர்கள் இதையெல்லாம் அறிந்து செய்தார்கள் என்று பழம்பெருமை பேச நான் வரவில்லை. ஓலை மிஞ்சியது, யூரியா இல்லை, செய்தார்கள். அக்காலத்து விளைச்சலைக் கொண்டு இன்றைய குடும்பம் பிள்ளைகளைப் படிப்பிக்க முடியாது என்பதும் உண்மையே. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அதே ஆண்டின் இறுதியில் அத்தடை நீக்கப்பட்டதை வாசகர் மறந்திரார். பல்லாண்டாக யூரியாவுக்குப் பழகிய மண்ணின் குடிகள் ஒரு கட்டளைக்காக ஒரு போகத்தில் மாறிவிடா.

எவ்வளவு காலத்தில் மாறும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திற் செய்த ஆய்வொன்று நினைவுக்கு வந்தது. அங்கே உழவைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழிந்த நிலங்களின் நுண்ணங்கிக் கூட்டம், என்றும் உழப்படாத நிலத்தினதைப் போலாகாமல், இன்னும் உழுநிலத்தினதையே ஒத்திருந்ததாக 2001இல் எழுதினர். மண் தன் உழவனை எளிதில் மறப்பதில்லை. அப்படியாயின், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வளவிற் கூடிய அந்த வெள்ளை இழைகள் எத்துணை மெல்லக் கூடியவை! அவற்றைக் கலைக்கப் பெக்கோவுக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

மாலை ஐந்தரை மணிக்குச் சித்தப்பாவின் திண்ணையில் துண்டுகளை வரிசையாக விரித்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். தம் தோட்டத்து வெறும் நூலை மட்டும் இரண்டு முறை எடுத்தார்.

"என்ர மண் நல்லாத் தின்னுது."

"ஓம் சித்தப்பா. ஆனால் மிச்சம் வைக்குதில்லை."

நெடுநேரம் அவர் பேசவில்லை. பின், "காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு வருமோ, தம்பி?" என்றார். வராது. அவர் மகளின் திருமணக் கடன் எனக்குத் தெரியும். எனவே, காணி முழுவதையும் தர மறுக்கவும் முடியவில்லை. முழுவதையும் தரவும் மனம் வரவில்லை. வீதிப்பக்கத்து ஆறு பரப்பை அவர் எடுப்பது, மேல்மண்ணை வழித்துத் தள்ளாமல் மரங்களை மட்டும் வேரோடு பிடுங்குவது, கிணற்றைச் சுற்றிய இரண்டு பரப்பைத் தொடாமல் விடுவது என்று ஒருவாறு முடிந்தது. யூரியாவைப் பாதியாகக் குறைத்து, ஆட்டுப்பட்டி அடைக்கலாம் என்றேன். "ஆடு ஆரிட்டை இருக்கு இப்ப?" என்றார். ஊரில் ஒரே ஒருவரிடம் இருக்கின்றது, விசாரிக்க வேண்டும்.

வேட்டியில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. ஒன்றைக் கணக்குக்காக வீட்டில் வைத்திருந்தேன். அதை இரண்டாகக் கிழித்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பாதியை வீதிப்பக்கத்து ஆறு பரப்பின் நடுவிலே, வெள்ளிக்கிழமை இயந்திரம் வரும் வழிக்குச் சற்று விலகி, ஒரு முழ ஆழத்திற் புதைத்தேன். மறு பாதியைக் கிணற்றடியில். கிணற்று நீரிலும் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு வந்தேன். அதைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.